கொடுத்த கையும் எழுதிய கையும்

நன்மை பல செய்தவர் ஒருவர். அவரே ஒரு சமூகத்தாரைத் தாழ்வாக எண்ணியவர். எண்ணியதை அச்சிலும் ஏற்றியவர். அவரை நாம் எந்த வரிசையில் வைப்பது? புண்ணியவான் என்று மாலை சூட்டுவதா? செருக்கர் என்று பெயரை அழித்துவிடுவதா? அல்லது தராசைத் தூக்கிப் பிடித்து, நன்மை இத்தனை பலம், தீமை இத்தனை பலம் என்று நிறுத்துச் சொல்வதா?

இது ஏட்டுக் கேள்வி அன்று. பள்ளிக்கூடத்துச் சுவரில் படமாய்த் தொங்கும் பெரியவரைப் பற்றியும், ஆலயத் தூணில் பெயர் பொறித்திருக்கும் உபகாரியைப் பற்றியும், ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டே அவர்களைச் சாதிப் பெயரிட்டு அழைத்த முதலாளியைப் பற்றியும் எந்த ஊரிலும் திண்ணையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது இதைத்தான். ஆயினும் அக்கம்பக்கத்தாரை எடுத்துக்கொண்டு ஆராயப் புகுந்தால் உறவும் பகையும் கண்ணை மறைக்கும். ஆதலால் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலானவரும், தமிழ்நாடு முழுதும் அறிந்தவரும், நம் திருச்சபையைச் சாராதவருமான ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஆங்கிலிக்கன் சபையின் ஆயர் இராபர்ட் கால்டுவெல்.

செட்டியார்பட்டி, தளவாய்புரம், சேத்தூர், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களில் இருந்து இவ்விதழைப் படிக்கும் அன்பர்களுக்கு அவர் அயலார் அல்லர். இன்று விருதுநகர் மாவட்டத்தில் வைத்து எண்ணப்படும் இந்தப் பகுதி, கால்டுவெல் வாழ்ந்த நாளில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோதுதான் திருவில்லிபுத்தூர் வட்டம் அதிலிருந்து பிரிந்தது. 1881-இல் அவர் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறு மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பாளையங்களின் வரலாறும் ஆகும். அவர் எழுதிய நல்லதும் அல்லாததும் நம் முன்னோரைப் பற்றியவையே.

இடையன்குடியில் ஐம்பது ஆண்டுகள்

கால்டுவெல் 1814-இல் அயர்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்று, 1838 சனவரியில் வேதபோதகராகச் சென்னையில் வந்திறங்கினார். மூன்றாண்டுகளுக்குப் பின், மக்களையும் அவர்கள் பேச்சையும் அறிய வேண்டும் என்று சென்னையிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டார். 1841-இன் இறுதியில், தேரிமணலும் பனங்காடுமாய்க் கிடந்த இடையன்குடியை அடைந்தார். அந்த ஊரே அவருக்குச் சொந்த ஊராயிற்று. தெருக்களை நேராக வகுத்தார், கிணறுகள் தோண்டுவித்தார், மரங்கள் நட்டார், பள்ளிக்கூடம் அமைத்தார். 1844-இல் அவருக்கு வாழ்க்கைத் துணையாய் வந்த எலிசா அம்மையார், நாகர்கோவிலில் தொண்டாற்றிய மால்ட் போதகரின் மகள். பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்புவது வழக்கமில்லாத அந்நாளில் அவர்களுக்கு எழுத்தும் கற்பித்தார். சரிகைப் பின்னல் வேலையும் கற்பித்தார். தன் கைத்தொழிலால் நாலு காசு ஈட்டும் பெண்ணை வீட்டார் அவ்வளவு எளிதில் அடக்கிவிட முடியாது என்பதை அம்மையார் அறிந்திருக்க வேண்டும்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தில் பசித்தோர்க்கு உணவளிக்கும் பணியில் கால்டுவெல் முன்நின்றார். அதற்கிடையே, 1877-இல், துணை ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறிது சிறிதாய் எழும்பிய இடையன்குடிப் பேராலயம் 1880-இல் அர்ச்சிக்கப்பட்டது. 1891 ஆகஸ்டு 28-இல் கொடைக்கானலில் உயிர் நீத்தபோது, அவர் உடலை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

இவ்வளவும் இருக்க, தமிழுலகம் அவரைப் போற்றுவது 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு முதலியவை தனியொரு குடும்பம். அவை வடமொழியினின்று பிறந்தவை அல்ல என்பதை இலக்கணச் சான்றுகளை அடுக்கி நிலைநாட்டினார். எல்லிஸ் துரை 1816-லேயே இதற்குக் கால்கோள் செய்திருந்தார் என்பது உண்மையே. ஆனால் மாளிகையாக எழுப்பியவர் கால்டுவெல். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை நிறுவினார்கள். 2010-இல் நடுவண் அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. பள்ளிப் பாடநூல்களில் அவர் பெயர் மரியாதையோடு வருகிறது.

1849-ஆம் ஆண்டு நூல்

அதே பாடநூல்களில் காணக் கிடைக்காத நூலொன்று உண்டு. ஒப்பிலக்கணத்துக்கு ஏழாண்டுகள் முன்னர், 1849-இல், சென்னையில் அச்சாகி, மறு ஆண்டே இலண்டனிலும் வெளிவந்தது. பெயர் 'திருநெல்வேலிச் சாணார்'. (அந்தப் பெயரை அச்சமூகத்தார் இன்று ஏற்பதில்லை, அவர்களின் நெடுநாள் கோரிக்கைக்கு இணங்கி அரசு ஆவணங்களில் 'நாடார்' என்று மாற்றப்பட்டது 1921-இல். நூலின் பெயர் என்பதால் மட்டுமே இங்கே அச்சொல் எழுதப்படுகிறது.) இடையன்குடியில் கால்டுவெல்லின் போதனையைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பனைத் தொழிலாளர் மக்களே. அவர்கள் சமயம், ஒழுக்கம், இயல்பு, கிறிஸ்தவம் அவர்களிடையே பரவ ஏதுவானவை, தடையானவை ஆகியவற்றை விவரிப்பது நூலின் நோக்கம்.

நூல் சொல்வது என்ன? இம்மக்கள் இந்நாட்டின் பூர்வ குடிகள் அல்லர், இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்கிறது. அவர்கள் வழிபாடு பேய் வழிபாடே என்கிறது. அறிவில் மந்தமானவர்கள், கல்வி வாசனை அற்றவர்கள் என்று சாதி முழுவதற்கும் ஒரே முத்திரை குத்துகிறது. ஒரு மனிதன் செய்த குற்றத்தைச் சொல்லும் நூல் அன்று இது. பிறக்கப் போகும் குழந்தையையும் சேர்த்துத் தீர்ப்பிடும் நூல். எழுதியபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. பெரும்பாலும் ஒரே மூலையில் ஏழெட்டு ஆண்டுகள் கண்டதை வைத்துக்கொண்டு, கடற்கரைப் பனங்காடு முதல் சிவகாசி, விருதுபட்டிக் கடைவீதிகள் வரை பரந்து கிடந்த ஒரு பெருங்குடியை அளந்துவிட்டார்.

அந்த நூலை அவர்கள் படிப்பார்கள் என்று கால்டுவெல் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆங்கிலத்தில், சீமையிலுள்ள உபகாரிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. ஆனால் மிஷன் பள்ளிகள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருந்தன. அப்பள்ளிகளில் ஆங்கிலம் பயின்ற பிள்ளைகள் வளர்ந்து ஆளானார்கள். நூலைக் கையில் எடுத்தார்கள். தங்கள் தாய் தந்தையரைப் பற்றி அதில் எழுதியிருப்பதைப் படித்தார்கள். எழுத்தறிவித்தவர் தந்த எழுத்தறிவைக் கொண்டே, அவர் எழுதிய இழிவை வாசித்தார்கள். மந்தமானவர்கள் என்று சொன்ன நூலுக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேறென்ன வேண்டும்?

மறுப்பு பல வடிவங்களில் வந்தது. அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, மிஷன் கல்வியால் உருவானவர். வெள்ளையர் தலைமையோடு முரண்பட்டு, 1857-இல் நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில் தனித் திருச்சபை ஒன்றையே தொடங்கிவிட்டார். கிறிஸ்துவை விடவில்லை, ஐரோப்பியரின் கையை விட்டார். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டு, மேனாட்டு வழக்கம் என்று தமக்குத் தோன்றியவற்றை விலக்கி, பழைய ஏற்பாட்டு முறைகளை மேற்கொண்டது அச்சபை. கத்தோலிக்கர்களாகிய நாம் அவர் வழியை ஏற்பதற்கில்லை. ஆயினும் அவர் மனப்புண்ணை உணராதிருப்பதற்கும் இல்லை. 1883-இல் சாமுவேல் சற்குணர் என்பார் ஆயர் கால்டுவெல்லின் பெயரையே தலைப்பில் இட்டு மறுப்பு நூல் வெளியிட்டார். முறையீடுகளும் எழுந்தன. இறுதியில், 1880-களில், அந்த நூல் விற்பனையினின்றும் புழக்கத்தினின்றும் திரும்பப் பெறப்பட்டது.

இங்கே காலத்தையும் நினைவில் கொள்ளவேண்டும். அந்த ஐம்பது ஆண்டுகள், இம்மக்கள் பொதுத் தெருவில் நடக்கவும், கோயில் வாயிலில் நுழையவும், தம் பெண்கள் மார்பை மறைத்து ஆடை உடுத்தவும் போராடிய ஆண்டுகள். தென் திருவிதாங்கூரில் தோள்சீலைக் கலகம் நடந்தது. 1899 சூன் மாதம் சிவகாசி தாக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து நம் சுற்றுப்புறத்துக் கிராமங்கள் பல எரிந்தன. கமுதிக் கோயில் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் இவர்களுக்கு எதிராகவே முடிந்தது. ஒருவன் உயிரையும் மானத்தையும் பிடித்துக்கொண்டு ஓடும் வேளையில், அவனுக்கு உற்ற நண்பர் என்று ஊரறிந்த ஒருவர் அவன் இன்ன தரத்தான் என்று எழுதி வைப்பது சிறு பிழை அன்று. பகைவன் சொல்லை உலகம் பாதிதான் நம்பும். நண்பர் சொல்லை முழுதும் நம்பும்.

'அக்காலம் அப்படி' என்னும் சமாதானம்

கால்டுவெல்லை விரும்புவோர் உடனே சொல்லும் விடை ஒன்று உண்டு: அக்காலத்து ஐரோப்பியர் எல்லாரும் அப்படித்தான் எண்ணினார்கள், அவரை இக்காலத்து அளவுகோலால் அளக்கலாமா? கேட்பதற்கு நியாயமாய் இருக்கிறது. ஆனால் சட்டாம்பிள்ளை எக்காலத்தவர்? சற்குணர் எக்காலத்தவர்? கால்டுவெல் உயிரோடு இருக்கும்போதே, அவர் நடந்த அதே மண்ணில் நடந்துகொண்டு, இது தவறு என்று சொன்னவர்கள் அவர்கள். 'அக்காலம்' என்று நாம் சொல்லும்போது எழுதினவர்களின் காலத்தை மட்டும் எண்ணுகிறோம். எழுதப்பட்டவர்களின் காலத்தை எண்ணுவதில்லை. அவர்களையும் சேர்த்து எண்ணினால் அந்தச் சமாதானம் நிற்காது.

மறுபக்கத்தார் சொல்லும் விடையும் எளியதுதான்: அவர் செய்த நன்மையெல்லாம் மதம் மாற்ற விரித்த வலை; நூலில் உள்ளதே அவர் உண்மை முகம். இதையும் ஏற்பதற்கில்லை. வலை விரிப்பவன் அரை நூற்றாண்டு பனங்காட்டு வெயிலில் கிடக்க மாட்டான். வெறுப்பவன் அருகில் வரமாட்டான், வந்தாலும் தங்கமாட்டான். பஞ்சத்தில் கஞ்சி பெற்றவனுக்குக் கஞ்சி உண்மை. பள்ளிக்குப் போன பெண்ணுக்கு எழுத்து உண்மை. அவை நடிப்பு என்றால் பெற்றவர்களை நாம் ஏமாளிகள் ஆக்குகிறோம். அதுவும் ஓர் இழிவே.

செட்டியார்பட்டியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேச நேர்ந்தது. அவருடைய முன்னோர் தெற்கேயிருந்து வந்தவர்கள். "அவர்கள் பள்ளிக்கூடம் வைத்திராவிட்டால் எங்கள் பாட்டனார் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார், தம்பி. அதை நான் மறந்தால் நன்றி கெட்டவன்" என்றார். கல்லூரியில் படிக்கும் பேத்தி விடவில்லை. "சரிதான் தாத்தா. ஆனால் சோறு போட்டவர் வைதால் பொறுத்துக்கொள்ளலாம் என்று யார் சொல்லலாம்? வசவு வாங்கியவர் சொல்லலாம், பார்த்துக்கொண்டிருந்தவர் சொல்லக்கூடாது" என்றாள். பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அதுவும் நியாயந்தான் அம்மா" என்றார். இருவரும் தம் தம் நிலையை விட்டு நகரவில்லை. ஒருவரை ஒருவர் மறுக்கவும் இல்லை.

இரண்டும் ஒரே மனிதருடையவை என்றால் இரண்டும் எங்கிருந்து பிறந்தன என்று கேட்கவேண்டும். எனக்குத் தோன்றுவது இது. கால்டுவெல்லின் இரக்கமும் இளக்காரமும் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வந்தவை அல்ல. இரண்டும் மேட்டிலிருந்து பள்ளத்தைப் பார்க்கும் ஒரே பார்வையிலிருந்து வந்தவை. பள்ளத்தில் கிடப்பவனைத் தூக்கிவிட வேண்டும் என்னும் ஆசை உண்மையானதே; அவன் பள்ளத்துக்கே உரியவன் என்னும் எண்ணமும் கூடவே இருந்தது. போதாததற்கு, தொலைநாட்டு உபகாரிகள் மனமிரங்கிக் காசு அனுப்ப வேண்டுமானால் பள்ளத்தை இன்னும் ஆழமாகக் காட்டவேண்டியிருந்தது. அறச்செயலுக்காகவே பழிச்சொல் எழுதப்பட்ட விந்தை இது.

வாசகர் கோபித்துக்கொள்ளாவிட்டால் இங்கே ஒரு சொல். இந்தப் பழக்கம் கால்டுவெல்லோடு போகவில்லை. அனாதை இல்லத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் உதவி கோரி நாம் அச்சிடும் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். கிழிந்த சட்டையோடு, மூக்கொழுகி நிற்கும் பிள்ளையின் படம் முதல் பக்கத்தில். அந்தப் பிள்ளை பத்தாண்டு கழித்து அந்த அறிக்கையை எடுத்துப் படிப்பான் என்று யாராவது எண்ணினார்களா? கிறிஸ்துமஸ் நாளில் சேலை வழங்கிவிட்டு, வாங்கியவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கிறோம். வேலைக்காரப் பெண்ணின் மகளுக்குக் கல்விக்கட்டணம் கட்டும் தாராளமான வீட்டிலும், அவளுக்கென்று தனிக் குவளை அடுக்களைக்கு வெளியே கவிழ்ந்து கிடப்பதைக் காணலாம்.

சக்கேயு வைத்த இரண்டு கணக்கு

புனித லூக்கா நற்செய்தியின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் வரும் சக்கேயுவை நாம் அனைவரும் அறிவோம். குள்ளமானவர், அத்திமரத்தில் ஏறியவர், ஆண்டவரைத் தம் இல்லத்தில் வரவேற்றவர் என்று மறைக்கல்வி வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஆனால் அவர் எழுந்து நின்று சொன்னதை நாம் ஒரே வாக்குறுதியாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உண்மையில் அவை இரண்டு. உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னார், அது அறம். எவரிடமேனும் ஏமாற்றி வாங்கியிருந்தால் அவருக்கே நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் சொன்னார், அது பரிகாரம். முன்னது யாரோ ஓர் ஏழைக்குப் போகலாம். பின்னது இழந்தவனுக்கே போகவேண்டும். திருடிய ஆட்டுக்கு நான்கு ஆடு என்பது விடுதலைப் பயண நூல் கள்வனுக்கு விதித்த தண்டனை. சக்கேயு யாரும் கேளாமலே அதைத் தம் தலையில் ஏற்றிக்கொண்டார். பாதிச் சொத்தை வாரி வழங்கிவிட்டேனே, ஏமாற்றியது அதில் கழிந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. ஒரு கணக்கின் வரவை இன்னொரு கணக்கின் கடனில் கழிக்க அவருக்குத் தோன்றவில்லை.

பொருளுக்கு உள்ள இந்த நியாயம் நற்பெயருக்கும் உண்டு என்பதே திருச்சபையின் போதனை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில், பொய்ச் சான்றைத் தடுக்கும் எட்டாம் கட்டளையின் கீழ், 2487-ஆம் எண்ணில் இது தெளிவாக உள்ளது. ஒருவருடைய பெயருக்கு ஊறு செய்தவர், மன்னிப்புப் பெற்றுவிட்ட பின்னரும், அதை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். வெளிப்படையாகச் செய்ய இயலாவிடில் மறைவிலேனும் செய்தாக வேண்டும். அதாவது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவானவர் பாவமன்னிப்பு வழங்கிவிட்டார் என்பதால் அயலான் பெயரில் ஒட்டிய சேறு தானாக உதிர்ந்துவிடாது.

இந்த ஒளியில் கால்டுவெல்லைப் பார்ப்போம். கிணறும் பள்ளியும் கஞ்சியும் அறக் கணக்கில் உள்ளவை; அவற்றை ஒரு காசு குறைக்காமல் அப்படியே எழுதவேண்டும். ஒப்பிலக்கணமோ தமிழ் மொழிக்குச் செய்த தொண்டு. பனையேறியவனுக்குச் செய்த ஈடு அன்று. அவன் பேசும் மொழி உயர்தனிச் செம்மொழி என்று சொல்லிவிட்டால், அவனை மந்தன் என்று சொன்னது மறைந்துவிடுமா? (அந்த ஒப்பிலக்கணமே பிற்காலத்தில் பிராமணரல்லாதார் இயக்கத்துக்குப் படைக்கலம் ஆனதும், அந்த இயக்கத்தில் நாடார் சமூகத்துப் பெரியோர் முன்வரிசையில் நின்றதும் வரலாற்றின் விளையாட்டு. அது அவர் எண்ணிச் செய்தது அன்று.) பரிகாரக் கணக்கில் அவர் பெயரில் உள்ளது ஒன்றே: நூலைத் திரும்பப் பெற்றது. அது சிறிதன்று. அந்நாளில் வெள்ளைக்கார ஆயர் ஒருவர் உள்நாட்டு மக்களின் எதிர்ப்புக்கு இணங்குவது எளிதில் நடக்கக்கூடியதா? ஆயினும் வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின் நூலைத் திரும்பப் பெறுவது எத்தகையது? புறங்கூறியவனிடம் கோழியிறகைத் தெருவெல்லாம் பறக்கவிட்டுப் பின் பொறுக்கி வரச் சொன்னதாகப் புனித பிலிப்பு நேரியைப் பற்றி வழங்கும் கதை நினைவுக்கு வருகிறது. அச்செழுத்து அந்த இறகைவிட வேகமாகப் பறக்கும். அந்த நூலின் கருத்துகள் அதற்குள் எத்தனையோ பிற நூல்களில் குடியேறிவிட்டிருந்தன.

நற்செயல்கள் நம் கணிப்பை மாற்றுமா என்னும் கேள்விக்கு என் விடை: மாற்றும், அம்மனிதரைப் பற்றிய கணிப்பை மாற்றும். அவர் சொன்ன சொல்லைப் பற்றிய கணிப்பை மாற்றாது. இந்த வேற்றுமையை ஏட்டறிவால் அல்ல, வாழ்ந்தே கண்டுபிடித்தவர்கள் அந்தப் பனங்காட்டு மக்கள். அவர் நூலை எதிர்த்தார்கள். அவர் பள்ளியைப் புறக்கணிக்கவில்லை. அவர் ஆலயத்தில் முழங்காலிட்டார்கள். அவர் சொன்னதை ஒப்புக்கொள்ளவில்லை. கஞ்சிக்கு நன்றி சொன்ன வாயாலேயே வசவுக்குக் கணக்குக் கேட்டார்கள். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு நேரவில்லை. அந்த அவசியம், தூரத்திலிருந்து சிலை வைக்கவோ சிலையை இடிக்கவோ விரும்புகிற நமக்குத்தான்.

நம் வீட்டு முற்றம்

பிரிந்த சகோதரர் ஒருவரின் குறையை இவ்வளவு விரிவாக எழுதிவிட்டு, நம் முற்றத்தைக் கூட்டாமல் விடுவது முறையன்று. நாம் போற்றும் வீரமாமுனிவரே தரங்கம்பாடி லுத்தரன் போதகர்களை எதிர்த்து எழுதிய நூல்களில் எவ்வளவு கடுமை உண்டென்பது படித்தவர்களுக்குத் தெரியும். தேம்பாவணிக்காக அதைப் பாராட்டவும் வேண்டாம். அதற்காகத் தேம்பாவணியை மூடிவைக்கவும் வேண்டாம். ஆனால் அது சொற்போர். இதைவிடக் கனமான ஒன்று நம்மிடம் கல்லும் சுண்ணாம்புமாகவே இருந்தது.

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872-இல் எழும்பிய திருக்குடும்ப ஆலயம், ஒரே பீடத்தில் வந்து கூடும் இரண்டு நீண்ட பகுதிகளாகக் கட்டப்பட்டது. ஒரு பகுதி ஒரு சாதியாருக்கு. மற்றது மற்றொரு சாதியாருக்கு. வேடிக்கையாகக் கால்சட்டைக் கோவில் என்று ஊரார் பெயரிட்டார்கள். பங்கில் இருந்த சேசு சபைக் குருக்கள் கொடியவர்கள் அல்லர். அந்த மதுரை மிஷன் குருக்களே தென்தமிழகத்தில் பள்ளிகளும் கல்லூரிகளும் நிறுவி, கொள்ளைநோயில் சாகக் கிடந்தவர்களுக்குப் பணிவிடை செய்து, அதில் பலர் இளவயதிலேயே மாண்டும் போனார்கள். சண்டை ஓய்ந்தால் போதும் என்று எண்ணியே அந்தத் திட்டத்துக்கு இசைந்தார்கள். ஆனால் திவ்விய நற்கருணையை நோக்கி முழங்காலிடும் இருவர் ஒருவரை ஒருவர் பாராதபடி நிறுத்தியது அந்தக் கட்டடம். 1910-இல் பிரிவுச் சுவர் அகற்றப்பட்டது. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்துக்குள் சாதிக்கென்று தனியிடம் கோர உரிமை இல்லை என்றே தீர்ந்தது. சுவரை வைத்தவர்களும் அகற்றியவர்களும் ஒரே சபைக் குருக்களே என்பதைக் கவனிக்கவேண்டும். இது பரிகாரம் என்னும் சொல்லுக்கு நெருங்கி வருகிறது. இழைத்த இடத்திலேயே, இழைக்கப்பட்டவர் கண்முன்னேயே செய்யப்பட்டது. நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இன்னும் நிற்கும் சுவர்களுக்கு அத்தகைய 1910 எப்போது வரும் என்பது வேறு கேள்வி. அதை அந்தந்தப் பங்கு மக்களே கேட்டுக்கொள்ளட்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2022 சூலையில் கனடா நாட்டுக்குச் சென்றதும் இங்கே நினைக்கத்தக்கது. அந்நாட்டுப் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய்ச் சேர்த்த உறைவிடப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றைக் கத்தோலிக்கத் துறவியர் நடத்தினர். அங்கே உணவும் எழுத்தும் கொடுத்தார்கள், தாய்மொழியைப் பறித்தார்கள், கொடுமைகளும் நிகழ்ந்தன. திருத்தந்தை உரோமாபுரியிலிருந்தே ஓர் அறிக்கை விட்டிருக்கலாம். முதுமையில், முழங்கால் வலியால் சக்கர நாற்காலியில் அமர்ந்து, அம்மக்கள் வாழும் இடத்துக்கே போய், அவர்கள் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். எழுத்தறிவித்தோமே என்பதை அந்த மன்னிப்பு வேண்டுதலில் கழிவாகக் காட்டவில்லை.

இனி, பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் அந்தப் படம். கழற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் படத்தின் கீழே ஆண்டுகள் எழுதும்போது 1856 மட்டும் போதாது, 1849-உம் வேண்டும், அதோடு 1857-உம் 1883-உம் வேண்டும். பிள்ளைகள் கால்டுவெல்லைப் படிக்கும் அதே வகுப்பில் சட்டாம்பிள்ளையையும் சற்குணரையும் படிக்கட்டும். அவர்கள் கால்டுவெல்லின் பகைவர்கள் அல்லர். அவர் நடத்திய கல்விக்கு விளைந்த பயிர்.

கோடை விடுமுறையில் பங்கு இளைஞரைத் திருத்தலப் பயணம் அழைத்துச் செல்லும் அன்பர்கள் மணப்பாடு, உவரியோடு திரும்பிவிடாமல் இன்னும் இரண்டு ஊர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். இடையன்குடியும் வடக்கன்குளமும் ஒரே நாளில் பார்க்கத்தக்க தொலைவில் உள்ளவை. முன்னதில் கால்டுவெல்லின் கல்லறையையும் அவர் வகுத்த தெருக்களையும் காணலாம். பின்னதில், பீடத்தருகே நின்று, இரு பக்கமும் பிரிந்து செல்லும் அந்த ஆலயத்தின் இரண்டு கைகளையும் ஒருசேரப் பார்க்கலாம். குருவானவர் நின்று திருப்பலி நிறைவேற்றிய அந்த இடம் ஒன்றிலிருந்துதான் அந்நாளில் இரண்டு பக்கத்து மக்களும் கண்ணில் பட்டார்கள்.